நான்காவது வாய்

மூன்றாவது வாய் உள்ளே போயிற்று. இனி கரண்டியைக் கீழே வைக்க வேண்டியதுதான் பாக்கி.

அவ்வளவுதான் தேர்வு. வைத்துவிட்டால் அடுத்த மாதம் இளவரசனோடு கல்யாணம். வைக்காவிட்டால் வாசலில் நிற்கும் வண்டியில் ஏறி, அப்பாவின் செங்கல் சூளைக்கே திரும்பிவிட வேண்டும்.

சூளைக்காரர் மகளுக்கு ஒரு வருடமாக அரண்மனையில் பாடம். சூளையில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவளை இளவரசன் பார்த்துத் தொலைத்ததால் வந்த வினை. தலையில் புத்தகம் வைத்து நடக்கும் பாடத்தில் முதல் நாளே தேறிவிட்டாள். எட்டுச் செங்கல் சுமந்த தலைக்குப் புத்தகம் எம்மாத்திரம்! குனிவது, நிமிர்வது, சிரிப்பு வந்தால் விழுங்குவது எல்லாம் வந்துவிட்டன. ஊரையே எழுப்பும் தும்மலைக்கூட இப்போது பூனைக்குட்டி மாதிரிதான் போடுகிறாள்.

சாப்பாடுதான் வரவில்லை.

“ராணின்னா மூணு வாய்தான். அதுக்கு மேல பசிக்கக் கூடாது” என்று வாத்தியாரம்மா பிரம்போடு பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாள். ஏன் மூன்று என்று யாருக்கும் தெரியாது. ராணி கரண்டியை வைத்தால் பந்தியில் எல்லோரும் வைத்துவிட வேண்டும், அது இன்னொரு சட்டம். மகாராணி நாற்பது வருடமாகக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவதால், அந்த அரண்மனையில் மந்திரி முதல் தளபதி வரை ஒருவர் இடுப்பிலும் துணி நிற்பதில்லை. மகாராணிக்குக் குருவி வயிறு என்று எல்லோரும் முதுகுக்குப் பின்னால் கரித்துக்கொட்டினார்கள்.

இன்று தேர்வு என்பதால் ராணியின் நாற்காலியில் இவள், பக்கத்து நாற்காலியில் மகாராணி. தேறிவிட்டால் நாற்காலி இவளுக்கே. அப்புறம் மகாராணியே ஆனாலும் இவள் கரண்டியைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

கை தானாகவே இறங்கியது. ஒரு வருடப் பழக்கம் லேசில் விடுமா? இளவரசனை வேறு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஐம்பது கரண்டிகளும் கூடவே இறங்கின. ஐம்பது முகங்களும் தொங்கிப்போயின. தளபதி வறுத்த கோழியை, ஊருக்குக் கிளம்பும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இவள் கரண்டியைச் சற்றே தூக்கினாள். ஐம்பதும் தூக்கின. இறக்கினாள். இறங்கின. மறுபடி தூக்கினாள். தளபதியின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவளுக்குப் பாவமாகப் போயிற்று. பசி வேறு. போனால் போகிறது கல்யாணம் என்று நான்காவது வாயைப் போட்டாள். ஐந்தாவதையும் போட்டாள். பத்துக்கு மேல் அவள் எண்ணவில்லை.

மண்டபமே வெளுத்துக் கட்டியது. வாத்தியாரம்மா ‘தேறவில்லை’ என்று சொல்ல எழுந்தாள். வாய் நிறையச் சோறு இருந்ததால் சத்தம் வரவில்லை.

அப்படியென்றால் தீர்ப்பு மகாராணி கையில். சூளைக்காரர் மகள் பயந்து பயந்து பக்கத்தில் திரும்பினாள். மகாராணியின் தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

மகாராணி அவள் காதோரம் குனிந்தார்.

“கல்யாணம் நாளைக்கே. நீ கரண்டிய மட்டும் கீழ வெச்சிடாத கண்ணு. நானும் இந்த வாத்தியாரம்மாகிட்ட படிச்சவதான். நாப்பது வருஷமாப் பசிக்குது.”