விளிம்பில் இருந்த பெயர்

மார்கழி விடைபெறும் நாள்களில், லாபு தோட்டத்துச் செம்பனைகள் பெய்த மழையை ஓலைகளில் ஏந்தி, பாவை பாடி முடித்த கோயில் முன்றிலைப்போல் அமைதி காத்து நின்றன.

கடற்படைப் பதக்கங்களைச் சேர்த்துவரும் ஹேமநாதனுக்கு மட்டும் அமைதி இல்லை. கடலில் மறைந்த மாலுமி தங்கவேலுவின் பதக்கத்தை, புக்கிட் பெலண்டோக்கில் இருக்கும் அவன் அக்காள் செல்லத்திடம் மறுநாள் ஒப்படைப்பதாக அவர் வாக்களித்திருந்தார். சமாதியும் இல்லாத அவனுடைய பெயர் எஞ்சியிருந்த இடம் அப்பதக்கத்தின் விளிம்பு ஒன்றே. பொங்கலுக்காக விளக்குத் துலக்கிய மனைவி ரோகினி, அதையும் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துவிட்டாள். முன்பே மங்கியிருந்த ஆங்கில எழுத்துகள் அடியோடு மறைந்துபோயின.

"அந்தம்மாவுக்குக் குடுக்கப் போறோமேன்னு பளிச்சுன்னு ஆக்குனேங்க."

"பேரையும் சேத்துக் கழுவிட்டியேம்மா! இனி எதைக் காட்டி உங்க தம்பிதுன்னு சொல்றது?"

மறுநாள் காலையில் ஹேமநாதன் பதக்கப் பெட்டியைத் திறந்தார். உள்ளிருந்த பட்டுத்துணி நனைந்து, கடல்மணல் ஒட்டியிருந்தது. பதக்கத்தின் விளிம்பில் 'தங்கவேலு' என்று தமிழில் கோணல்மாணலாகச் செதுக்கியிருந்தது. பெட்டியை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு இருவரும் காரில் ஏறினார்கள்.

செல்லம் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி எழுத்துதான் லா. நாந்தானே கையப் புடிச்சு எழுதப் பழக்குனேன். இன்னமும் கோணலாத்தான் எழுதுறான், பாருங்க."

பிறகு பதக்கத்தைச் சாமி விளக்கருகே வைத்து, ஈரத்தைத் துடைக்காமலே விபூதி இட்டார்.

"எங்க இருந்தாலும் நல்லா இருடா, சாமி."