நானூறு ஜோடிக் கையுறை

“ஒம்பது நாள்ல நானூறு ஜோடி கையுறையா? எம் பொண்டாட்டி ஒருத்தியப் பாக்கறதுக்கு எத்தனை கையிங்க வேணும்?”

கதிர்வேல் பில்லின் மூன்றாம் பக்கத்தில் விரலை ஊன்றிக்கொண்டு கேட்டார். அஸ்தம்பட்டியில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் மணி பத்தரை. அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

“தீவிர சிகிச்சைன்னா அப்படித்தாங்கய்யா ஆகும்,” என்றாள் கவுன்ட்டரில் இருந்த மெஹ்ரீன், பொறுமையாக.

“சேக்கறப்ப எல்லாம் இன்சூரன்ஸ்லயே அடங்கிரும்னு சொன்னீங்களே?”

“உங்க பாலிசியே மூணு லட்சம்தாங்கய்யா. அதுலயும் ரூம் வாடகைக்கு ஓர் அளவு இருக்கு. நீங்க இருந்த ரூம் அதுக்கு மேல. அதனால இன்சூரன்ஸ்காரங்க மத்த செலவையும் அதே கணக்குல வெட்டிட்டாங்க. மீதி ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் நீங்கதான் கட்டணும்.”

“அந்த அளவுக்குள்ள ரூமு காலி இல்லைன்னு நீங்கதானுங்க அதுல போட்டீங்க?”

மெஹ்ரீன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற தனபால் அவர் கையைப் பிடித்தான். கதிர்வேலின் மனைவி கலைமணிக்கு உடன்பிறந்த தம்பி. தெலங்கானாவில் ரிக் வண்டியில் போர்வெல் போடப் போயிருந்தவன், தகவல் கேட்டு முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தான்.

“பணம் எங்கிட்ட இருக்குது மாமா. கட்டிப்போட்டுக் கெளம்பலாம். பரமத்தி வேலூர்ல நம்ம ஊட்டு முன்னால சனமெல்லாம் காத்துக் கெடக்குது. நான் முன்னாடியே கார்ல போயி நாமக்கல் ஹாஸ்டல்ல இருந்து நம்ம புள்ள யுவஸ்ரீயக் கூட்டிக்கறேன்.”

“பில்லு முடியாம ஒருத்தரும் எங்கயும் போகக் கூடாது,” என்றார் கதிர்வேல்.

லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். முதலாளி கொடுக்கும் கூலியை எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் வைக்கிற மனிதர். அவர் ஓர் ஊசிக்கும் ஒரு குழாய்க்கும் இப்படி மல்லுக்கட்டுவதைத் தனபால் பார்த்ததே இல்லை.

நர்ஸ் ஒருத்தி வந்து, “மாத்துச் சேலை கேட்டிருந்தோமே?” என்றாள். கதிர்வேல் பையிலிருந்து பச்சைப் பட்டுச் சேலையை எடுத்துக் கொடுத்தார். உடனே மறுபடியும் பில்லில் குனிந்துகொண்டார்.

பதினொன்றரைக்கு மேனேஜரே இறங்கி வந்து கையுறையில் பாதியைக் குறைத்தார். பன்னிரண்டேகாலுக்கு அறை வாடகையில் பன்னிரண்டாயிரத்தைத் தள்ளினார். “இனி குறைக்கறதுக்கு ஒண்ணுமில்லைங்க.”

“அப்ப மொதல் பக்கத்துல இருந்து இன்னொருக்கா வாசிங்க.”

வரிசையில் நின்ற ஒருவர், “பொண்டாட்டியை விடப் பணம் பெருசாப் போச்சு இந்தாளுக்கு,” என்று முணுமுணுத்தார். தனபால் தலையைக் குனிந்துகொண்டான். கதிர்வேலுக்கும் அது கேட்டது. திரும்பவில்லை.

மெஹ்ரீன் மறுபடியும் ஐந்தாம் பக்கத்துக்கு வந்தபோது மணி ஒன்று இருபது. கதிர்வேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு பில்லை இரண்டாக மடித்தார்.

“போதுங்கம்மா. நீங்க சொன்னதே இருக்கட்டும். கட்டிரு தனபாலு.”

பணத்தைக் கட்டிவிட்டு வந்த தனபால் ரசீதை அவர் கையில் திணித்தான். “இதைக் காலையிலயே கட்டியிருக்கலாமே மாமா? மூணு மணி நேரமா அக்காவ உள்ள போட்டுட்டு…”

“காலையிலயே கட்டியிருந்தா, நீ அப்பவே போயி யுவஸ்ரீயப் பாதிப் பரிட்சையில எழுப்பிக் கூட்டியாந்திருப்ப. நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா, பெத்தவளை விடப் பரிட்சை பெருசான்னு எல்லாருமாச் சேந்து எங்கிட்டக் கேட்டிருப்பீங்க. பன்னெண்டாவது கடைசிப் பரிட்சை. ஒண்ணேகாலுக்குத்தான் முடிஞ்சுது.”

கதிர்வேல் தனபாலின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டார்.

“இப்பப் போ சாமி. அம்மா செத்துப்போச்சுன்னு நீயே சொல்லிரு, என்னால முடியாது.”