தவுட்டப்பன்

"தவுட்டப்பனா! என்னங்க அத்தை, இதெல்லாம் ஒரு பேரா?"

புவனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கான்வென்டில் படித்தவள். வயிற்றில் இருக்கும்போதே பிரணவ் என்று பேர் பார்த்து வைத்திருந்தாள்.

"தவுட்டுக்கு வித்த புள்ளைக்கு அதுதான் பேரு கண்ணு" என்றாள் மாமியார் காளியாத்தாள்.

"விக்கறதா? குழந்தையவா?"

"பொறந்த ரெண்டும் தங்கலை. இதையாச்சும் காப்பாத்தோணுமில்ல? புள்ளைக எல்லாம் நல்லாருக்கறவளுக்கு ஒரு மொறம் தவுட்டுக்கு வித்துப்போடோணும். தவுட்டு விலைக்குப் போனதைச் சாவு திரும்பிக்கூடப் பாக்காது. அப்பறம் தவுட்டைக் குடுத்து வாங்கிக்கலாம்."

வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்துவிட்டது. பீளமேட்டில் இன்னும் தவிட்டுக்குக் குழந்தை விற்கிறார்கள்! புவனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு தொட்டிலை அவிழ்த்தவள். படிப்பைவிடப் பயம் பெரிசாக இருந்தது.

பக்கத்து லைன் வீட்டு ரம்லா வந்தாள். நாலு பிள்ளைகளும் கல்லுக்குண்டு மாதிரி இருப்பவள். தவிட்டு முறத்தை வாசலில் வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க தவுட்டப்பா!" என்று கூப்பிட்டாள். குழந்தை கொட்டாவி விட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

காளியாத்தாள் முறத்தை நீட்டினாள். "இந்தா ரம்லா, உன்ற தவுடு. புள்ளையைக் குடு."

ரம்லா கை நீட்டவில்லை.

"தர மாட்டேனுங்க."

"ஏனு?"

"வித்தீங்க, வாங்கிட்டேன். திருப்பி விக்க எனக்கு இஷ்டமில்லீங்க."

முறம் நழுவியது. வாசலெல்லாம் தவிடு.

"அடிப்பாவி! நாலு பெத்தும் ஆசை அடங்கலியா உனக்கு? ஆளு தெரியாமக் குடுத்துப்போட்டனே!"

லைனே கூடிவிட்டது. "ரெண்டு மொறமாக் குடுத்துப் பாருங்க" என்று ஒருத்தர் கிண்டல் செய்தார். "போலீசைக் கூப்புடுங்க" என்றார் இன்னொருத்தர்.

புவனா ஓடிப்போய் ரம்லாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என்ன பேரு வேணாலும் வெச்சுக்குங்க. தவுட்டப்பனே இருக்கட்டும். என் குழந்தையைக் குடுத்துருங்கக்கா!"

ரம்லா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். குழந்தையை மெதுவாக அவள் மடியில் கிடத்தினாள்.

"அழுவாத கண்ணு. உங்க ஊட்டுலயே, உன் மடியிலயே வளரட்டும். நான் திருப்பி விக்க மாட்டேன், அவ்வளவுதான். வித்தா மறுபடியும் உம்பட புள்ளை ஆயிருமில்ல?"

புவனா புரியாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாவு வந்து கேட்டா, இது ரம்லா புள்ளைன்னு சொல்லிப்போடு. எங்க ஊட்டுக்கு வரட்டும். நான் பேசிக்கறேன்."