எட்டாவது ஸ்லைடு

"எட்டாவது ஸ்லைடை மறைச்சுட்டியா?"

காரை விட்டு இறங்கும் முன் மறுபடியும் கேட்டார் மேனேஜர் சாரங்கபாணி.

"மறைச்சுட்டேன் சார்" என்றான் உதவியாளன் சகாயராஜ்.

"அழிச்சே தொலைச்சிருக்கலாம்ல?"

"லோன் குடுக்கிற பேங்குக்குக் காட்டணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க. லேப்டாப்புக்குள்ள இருக்கும், சுவத்துல விழாது. எட்டை அமுக்கி என்டர் தட்டினாதான் வரும்."

"தட்டித் தொலைக்காதே. இன்னிக்குக் கையெழுத்து விழுந்தா அடுத்த மாசம் நீ சிங்கப்பூர் ஆபீஸ்ல இருப்பே. விழலேன்னா இந்தக் கம்பெனியிலயே இருக்க மாட்டே."

சகாயராஜ் தலையை ஆட்டினான். அவன் சிங்கப்பூர் போகப்போவதை நம்பி வீட்டில் தங்கைக்கு மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார்கள். லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

திருக்கடையூருக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கத்து ஊர் அது. வாய்க்கால் ஓரத்து நிலத்தைக் கம்பெனி வாங்கிவிட்டது. அங்கே இறால் பண்ணை போடுவதில் 'ஆட்சேபணை இல்லை' என்று ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும். எட்டாவது ஸ்லைடில் இருந்தது கம்பெனியே எடுத்த ஆய்வுப் படம். பண்ணையின் உப்புத் தண்ணீர் எந்த வயலுக்கு, எந்தக் கிணற்றுக்கு ஊறிப் போகும் என்று ஊர் வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டியிருந்தார்கள். சிவப்பு படாத இடம் சுடுகாடு ஒன்றுதான்.

சமுதாயக் கூடத்து ஜன்னல்களில் சாக்கைக் கட்டி இருட்டாக்கினார்கள். நல்லது சொல்ல வந்தவனுக்கு இருட்டு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லார் கையிலும் போண்டா இருந்தது.

சாரங்கபாணி சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, கூட்டத்தைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டார். கோட்டு போட்டவர் அப்படிக் கும்பிட்டால் நாம் நம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

சகாயராஜ் லேப்டாப்பைத் தட்டத் தட்ட, புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் வேடிக்கை நடந்தது. இறால் ஒன்று இடப்பக்கமிருந்து துள்ளி வந்து உட்கார்ந்தது. அடுத்ததில் மேலேயிருந்து ரூபாய்க் காசு கொட்டியது. அதற்கடுத்து 'டங்' என்ற சத்தத்தோடு மாடி வீடு முளைத்தது. கூட்டம் கை தட்டியது.

ஏழாவது ஸ்லைடு போனது. ஒன்பதாவது வந்து விழுந்தது. சகாயராஜ் கூட்டத்தைப் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை.

பத்து போனது. பதினொன்று போனது. அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அவ்வளவுதாங்க!" என்றார் சாரங்கபாணி. "பேப்பர் வருது. எழுதத் தெரிஞ்சவங்க கையெழுத்து, தெரியாதவங்க கைநாட்டு."

முதல் வரிசையில் இருந்த மருதையனிடம் பேப்பரும் மைப் பெட்டியும் போயின. எல்லோரும் அவரைப் பார்த்துத்தான் போடுவார்கள். கட்டைவிரலை நீட்டியவர் அப்படியே நிறுத்தினார்.

"ஏன் சார், எட்டு எங்க?"

"எந்த எட்டு?"

"நமக்கு எழுத்து வராது. பஸ் நம்பர் பாக்கத் தெரியும். அதோ, சுவத்து ஓரத்துல நம்பர் ஓடிச்சு. ஏழு வந்துச்சு, அப்புறம் ஒம்பது வந்துச்சு. நடுவுல எட்டு எங்க போச்சு?"

சாரங்கபாணி முதல் தடவையாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். கீழ் மூலையில் தடியாக ஒரு பதினொன்று நின்றது. முகம் வெளுத்தவர் சகாயராஜைப் பார்த்தார். அவன் தலை குனிந்துகொண்டான்.

"அது டெக்னிக்கல் விஷயம் பெரியவரே. உங்களுக்குப் புரியாது."

"போண்டாவுல என்ன போட்டீங்கன்னும்தான் புரியல. தின்னோம்ல? அதையும் காட்டுங்க."

கூட்டம் சிரித்தது. மருதையன் எழுந்து நேரே லேப்டாப்புக்கு வந்தார். சகாயராஜ் நாற்காலியை விட்டு எழுந்து ஒதுங்கினான். அவர் குனிந்து தேடி எட்டைக் கண்டுபிடித்து அமுக்கினார்.

"பெரியவரே! என்டரைத் தொட்டுடாதீங்க!" என்று அலறிவிட்டார் சாரங்கபாணி.

மருதையன் நிமிர்ந்தார்.

"என்டர்னா எதுப்பா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மீரா உசேன் எழுந்து வந்தான். "அங்க எனக்கு இதுலதான் வேலை மாமா. இந்தா" என்று ஒரு தட்டு தட்டினான்.

சுவர் முழுக்கச் சிவந்தது.

பண்ணையிலிருந்து கிளம்பிய சிவப்பு ஊர் வரைபடத்தில் வயலையும் கிணற்றையும் மூடியிருந்ததை யாரும் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ஐயய்யோ, அது எங்க குடிதண்ணிக் கெணறுல்ல!" என்று ஒரு பெண் கத்தினாள். மருதையன் கட்டைவிரலை மடக்கிக்கொண்டார். பேப்பர் வெள்ளையாகவே திரும்பி வந்தது. சாக்கைப் பிய்த்து எறிந்து யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

காரில் ஏறியதிலிருந்து சாரங்கபாணி வாயை மூடவில்லை.

"அந்த நம்பர் எங்கேருந்துடா வந்துச்சு?"

"சாஃப்ட்வேர்ல தானா வந்துடும் சார். எடுக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? ஒரு நம்பரை எடுக்க மறந்து கோடி ரூபா பண்ணையைக் கெடுத்துட்டியேடா! சிங்கப்பூரும் கிடையாது, வேலையும் கிடையாது. வண்டியை விட்டு இறங்கு!"

திருக்கடையூர் முக்கில் அவனை இறக்கிவிட்டுக் கார் போய்விட்டது.

சாஃப்ட்வேரில் எந்த நம்பரும் தானாக வராது. வாயைத் திறந்து சொல்லத் தைரியமில்லாத சகாயராஜ்தான், அன்று காலை லாட்ஜ் அறையைத் தாழ் போட்டுக்கொண்டு, ஒரே இடத்தில் போட்டால் எல்லா ஸ்லைடிலும் வந்து நிற்கும் மாஸ்டரைத் திறந்து, கடைசி வரிசைக்கும் தெரிகிற அளவுக்கு அந்த நம்பரைப் போட்டு வைத்தான்.