ஒத்தீலியாவுக்கு வசனம் வராது

“நாப்பது வருஷமா நடிக்கிறாங்களாம். நாலு வரி மனப்பாடம் பண்ணத் துப்பில்லை!”

தலை சீவிவிட்டுக்கொண்டிருந்த என்னிடம் ஹிமேனா சொன்னாள். நாலு தோழிகளின் கதையான எங்கள் டிவி தொடரில் கடைசித் தோழி அவள். கதையில் மாதத்துக்கு ஒரு காதலனை விடுவாள். வசனத்தில் மட்டும் ஓர் எழுத்தைக்கூட விடமாட்டாள்.

அவள் சொன்னது மூத்த தோழியாக நடிக்கும் ஒத்தீலியாவை. நானும் சேர்ந்து சிரித்தேன். பொய் சொல்வானேன்?

முன்பெல்லாம் எங்கள் ஸ்டுடியோவில் நடிக்கிற எல்லார் காதிலும் கடலைப்பருப்பு அளவில் ஒரு கருவி இருக்கும். கண்ணாடி அறையில் உட்கார்ந்து தென்ச்சா மைக்கில் வசனத்தை வரிவரியாகச் சொல்வாள். இவர்கள் காதில் வாங்கி வாயில் விடுவார்கள். இப்போது வருகிறதுகள் எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுகின்றன. மிச்சம் ஒத்தீலியா ஒருத்திதான். அவள் ஒருத்திக்காகத்தான் தென்ச்சாவின் வேலையும் ஓடிக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டிவிட்டு புதுத் தயாரிப்பாளர் அன்செல்மோ உள்ளே வந்தார். பக்கத்து நாற்காலியில் ஒத்தீலியா அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“தோன்யா ஒத்தீலியா” என்று மரியாதை வைத்தே அழைத்தார். “ஒரு நல்ல சேதி. அடுத்த தொடர்ல அறுபது வயசுப் பொம்பளை ஒருத்தி மறுபடியும் காதலிக்கிறா. முழுக் கதையும் அவ தலையிலதான். உங்களுக்குத் தரலாம்னு இருக்கேன்.”

பவுடர் ஒற்றிக்கொண்டிருந்த ஒத்தீலியாவின் கை அப்படியே நின்றது. பத்து வருஷமாக மாமியாரும் அம்மாவும் தவிர வேறு வேஷம் அவளுக்கு வந்ததில்லை. இந்தத் தொடரில்கூட மற்ற மூவரின் காதலுக்கும் யோசனை சொல்வதோடு சரி.

“ஆனா மேல இருக்கிறவங்க, உங்களுக்கு வசனம் நிக்காதேன்னு யோசிக்கிறாங்க. இன்னைக்கு நேர்லயே வர்றாங்க. காதுல எதுவும் மாட்டாம இன்னைக்குக் காட்சியை நடிச்சுக் காட்டிடுங்க. வேஷம் உங்களுக்குத்தான்.”

“அப்போ தென்ச்சா?”

“அதான் நீங்களே பேசிடுவீங்களே. அவங்க வீட்ல ஓய்வெடுக்கட்டும், பாவம்.”

ஒத்தீலியா வசனத் தாளை வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்தால், தென்ச்சா குவாதலூப்பே மாதா படத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். சேதி அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

“வேலை போகக்கூடாதுன்னு வேண்டிக்கிறியா?” என்றேன்.

“போடி இவளே. அவளுக்கு வசனம் மறக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிறேன். இந்த வயசுல இப்படி ஒரு வேஷம் யாருக்குடி கிடைக்கும்?”

“உன் ஆஸ்பத்திரி அட்டை?”

அவளுக்குச் சிறுநீரகம் கெட்டு ஒரு வருஷம் ஆகிறது. வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். எல்லாம் ஸ்டுடியோ கொடுத்த அட்டையில். வேலை போனால் அட்டையும் போகும்.

“அதை மாதா பாத்துப்பா” என்றாள். இன்னொரு மெழுகுவத்தியையும் ஏற்றினாள்.

காட்சி இதுதான்: காதலன் கைவிட்டுப்போன ஹிமேனாவை ஒத்தீலியா தேற்ற வேண்டும். ஒரு முழுப் பக்க வசனம். சேனல்காரர்கள் மூவர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தென்ச்சா கேமராவுக்குப் பின்னால் கைகூப்பி நின்றாள்.

“அழாதே. அவன் போனா வீடு காலியாகும். நாங்க போனாத்தான் நீ காலி…” என்று ஆரம்பித்த ஒத்தீலியா நின்றுவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது.

“மறுபடியும்” என்றார் அன்செல்மோ.

அதே இடம். அதே திணறல். மூன்றாவது முறையும் அப்படியே.

சேனல்காரர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஹிமேனா என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தாள்.

ஒத்தீலியா கையிலிருந்த கைக்குட்டையை வீசி எறிந்தாள்.

“எங்கடி போய்த் தொலைஞ்சே, தென்ச்சா? நீ சொல்லாம என் வாய்ல ஒரு வார்த்தை வருமா? இவ இல்லாம என்னை நடிக்கச் சொன்னா நான் எங்க போவேன்?”

ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம்! எனக்கே கூச்சமாக இருந்தது.

பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அன்செல்மோ பெருமூச்சு விட்டார்.

“சரி, அந்தம்மாவை உள்ள அனுப்புங்க. இவங்க இருக்கிறவரைக்கும் அவங்களும் இருந்து தொலையட்டும்.”

தென்ச்சா கண்ணைத் துடைத்துக்கொண்டே கண்ணாடி அறைக்கு ஓடினாள். ஒத்தீலியா திரும்பி நின்று கருவியைக் காதில் மாட்டிக்கொண்டாள். அந்த முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சில், ஒரு சொல் பிசகாமல் பேசி முடித்தாள். விளக்குக்காரர்கள்கூட அழுதார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை திறமை இருந்து என்ன? ஒரு பக்கம் படிக்கச் சோம்பல்பட்டு, வீடு தேடி வந்த வேஷத்தைக் கோட்டை விட்டாளே!

மேக்கப் அறையில் அவள் கொண்டை ஊசிகளைப் பிடுங்கினேன். மெதுவாக அல்ல. காதிலிருந்த கருவி நழுவித் தரையில் விழுந்து, மூடி திறந்துகொண்டது.

குனிந்து எடுத்தேன். உள்ளே காலியாக இருந்தது. நாற்காலிக்கு அடியில் துழாவினேன்.

“பேட்டரி எங்கேயோ உருண்டு போயிடுச்சு, தோன்யா.”

ஒத்தீலியா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“தேடாதே. தென்ச்சா ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிச்ச அன்னைக்கே அதை எடுத்து எறிஞ்சிட்டேன். களைப்புல அவ ஒரு வரியை விட்டாலும் வெளியே தெரியாம, நானே படிச்சுட்டு வந்துடறேன். அவளுக்குத் தெரியவேண்டாம்.”