வெற்று ஆணி

எரிந்துபோன சோபாக் கடையின் சுவரில் இருந்த ஆணியை இன்சூரன்ஸ் சர்வேயர் தொட்டுக் காட்டினார்.

"இதுல உங்க கல்யாணப் படம் இருந்ததா பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். எரியறப்ப படம் இருந்திருந்தா, அது மறைச்ச இடம் வெள்ளையா இருக்கணும். இங்க முழுக்கக் கரி. அப்போ, முன்னாடியே கழட்டியிருக்கீங்க."

கடை முதலாளி ஆணியிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"தன் கடைக்குத் தானே தீ வைக்கிறவங்க, ஆசையா வச்சிருக்கிற பொருளை முதல்ல பத்திரப்படுத்திடுவாங்க. படம் எங்கே? சொல்லலேன்னா க்ளெய்ம் கிடைக்காது, போலீஸ்தான் வரும்."

"ஐயோ சார்!" முதலாளி மூலையிலிருந்த இரும்புக் குப்பைத்தொட்டியைக் காட்டினார்.

சர்வேயர் அதைக் கிளறினார். சாம்பலுக்கு அடியிலிருந்து கருகிய சட்டம் வந்தது. அதில் மணமக்கள் பாதி மிச்சமிருந்தார்கள்.

"குப்பையிலயா போட்டீங்க?"

"தீப்பிடிச்ச அன்னைக்குக் காலையிலதான் சார், அவ என்னை விட்டுட்டுப் போனா."