இரண்டாவது கோப்பை

"ஆடி மாதத்தில ஆரும் எழுத்து வைப்பினமோ?"

யோகராணி தொலைபேசியை வைத்த கையோடு கேட்டாள். கணவர் ஸ்ரீஸ்கந்தராசா பேப்பரில் இருந்து தலையை எடுக்கவில்லை.

"ஆருக்கு எழுத்து?"

"எங்கட கௌசிக்குத்தான். தாலிகட்டு செப்டெம்பரில நடக்கட்டுமாம். கலியாணத்தை ரெஜிஸ்டர் பண்ணுற எழுத்தை மட்டும் இந்த ஜூலை முப்பத்தோராம் திகதிக்குள்ள முடிச்சுப்போட வேணுமாம். மாப்பிள்ளை சனிக்கிழமை நியூ ஜேர்சியில இருந்து கார் ஓடிக்கொண்டு வாறாராம், கதைக்க."

"காரணம் சொல்லேல்லையோ?"

"ஏதோ பேப்பர் வேலையாம். எனக்கு விளங்காதே? அங்க வேலை ஆட்டம் காணுதாக்கும். எழுத்து முடிஞ்சால் கௌசி ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடுவாள், இஞ்ச ஸ்காபரோவில வந்து குந்தலாம். உவன் சரியான ஆசைக்காரன். பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே கண்டனான். தன்ர பாயசத்தைக் குடிச்சுப்போட்டு, கௌசியின்ர கையில இருந்த கோப்பையையும் வாங்கிக் குடிச்சவன்."

"பெடியனுக்கு இனிப்பு விருப்பமாக்கும்."

"அதுக்கு? பொம்பிளையின்ர கோப்பையிலயோ?"

யோகராணிக்குக் கோபத்தோடு பயமும் இருந்தது. மகள் கௌசிக்குப் பன்னிரண்டு வயதிலேயே நீரிழிவு. இப்போது இருபத்தைந்து. நாளுக்கு இரண்டு ஊசி. அதைச் சொன்ன இரண்டு சம்பந்தங்கள் குழம்பிப்போயின. மூன்றாவதுக்குச் சொல்வதில்லை என்று அவள்தான் முடிவெடுத்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கௌசியின் கையிலும் ஒரு கோப்பைப் பாயசத்தைத் திணித்தவள் அவள்தான். ஆருக்கும் சந்தேகம் வரக்கூடாது.

சனிக்கிழமை காலை, பிரிட்ஜின் கதவோரம் இருந்த இன்சுலின் போத்தல்களைக் கடதாசியில் சுற்றி, மேலே ஃப்ரீசருக்குள், மீன் பொதிகளுக்குப் பின்னால் செருகினாள். ஒரு பகலுக்குத்தானே. வந்தவன் தண்ணீர் எடுக்கக் கதவைத் திறந்தாலும் கண்ணில் படாது.

மாப்பிள்ளை வாகீசன் மத்தியானம் வந்து சேர்ந்தான். எல்லை தாண்டி ஒன்பது மணித்தியாலம் கார் ஓடியிருக்கிறான். 2005ஆம் ஆண்டின் ஸ்காபரோ வெயில் அந்தப் பத்தாம் மாடி வீட்டையும் விடவில்லை.

சாப்பாடு முடிந்ததும் ஸ்ரீஸ்கந்தராசா கதை தொடங்கினார்.

"அங்க எங்கட மாதிரி அரசாங்கம் சும்மா தாற ஹெல்த் கார்ட் இல்லையாமே?"

"இல்லை அங்கிள். வேலைதான் கார்ட். கொம்பனிதான் இன்சூரன்ஸ் எடுத்துத் தரும். வேலை போனால் அதுவும் போச்சு."

"உதென்ன புதினம். வருத்தத்துக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டாம் உலக யுத்தத்தில நடந்த கூத்து. சம்பளத்தைக் கண்டபடி கூட்டக் கூடாது எண்டு அரசாங்கம் சட்டம் போட்டுட்டுது. ஆக்களைப் பிடிக்க வேற வழியில்லாமல் கொம்பனிகள் ஆஸ்பத்திரிச் செலவைத் தாறம் எண்டு வெளிக்கிட்டினம். பிறகு அதுக்கு வரியும் இல்லையெண்டு ஆச்சு. யுத்தம் முடிஞ்சுது, உது முடியேல்லை."

"எங்களையும் ஒரு யுத்தம்தானே இஞ்ச கொண்டுவந்து விட்டது" என்று அவர் சிரித்தார். "அப்ப, முன்னமே வருத்தம் உள்ள ஆக்கள் என்ன செய்யிறது?"

"சில பேர் மறைச்சுப்போட்டுச் சேருவினம். பிடிபட்டால் துலைஞ்சுது."

யோகராணி சாப்பாட்டுத் தட்டுகளை அவசரமாக அடுக்கினாள்.

"சாப்பிட்ட கையோட வருத்தக் கதை என்னத்துக்கு?" என்று எழும்பிப்போய், இரண்டு கோப்பைப் பாயசம் கொண்டுவந்தாள். ஒன்று அவனுக்கு. மற்றது கௌசிக்கு.

கௌசி கோப்பையைப் பார்த்தாள். வாகீசன் தன்னுடையதை ஒரே இழுவையில் குடித்து முடித்துவிட்டுக் கையை நீட்டினான்.

"உமக்கு வேண்டாமெண்டால் இஞ்ச தாரும்."

யோகராணி கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

இரண்டாவது கோப்பையும் காலியானது. வாயைத் துடைத்துக்கொண்டு அவன் சொன்னான்: "அன்ரி, எழுத்து விசயம்."

"ஆடியில நாங்கள் நல்ல காரியம் ஒண்டும் செய்யிறேல்லை, தம்பி. தாலிகட்டு அண்டைக்கே எழுத்தும் வைப்பம். அவ்வளவு அவசரமெண்டால் நீங்கள் வேற இடம் பாருங்கோ."

சொல்லிவிட்ட பிறகுதான் அதன் பாரம் அவளுக்கே தெரிந்தது. கௌசியின் முகம் செத்துப்போயிற்று. வாகீசன் ஏதோ சொல்ல வாயெடுத்து கௌசியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தாள்.

"சரியான வெக்கை" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா, பேச்சை மாற்ற. "ஐஸ் போட்டுத் தண்ணி குடிப்பம்."

"நீங்கள் இருங்கோ அங்கிள், நான் எடுக்கிறன்."

யோகராணி பின்னால் ஓடினாள். பிந்திவிட்டது. ஃப்ரீசர் கதவு திறந்திருந்தது. ஐஸ் தட்டை இழுத்தபோது கூடவே வந்து விழுந்த பொதி அவன் கையில் பிரிந்து கிடந்தது.

"அது, பக்கத்து வீட்டு ஆக்கள் வைக்கச் சொல்லி..."

"இன்சுலின் உறைஞ்சால் பிறகு உதவாது, அன்ரி" என்று தணிந்த குரலில் சொன்னான். "உதை எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோ."

அவள் பொதியை வாங்கிக் கடதாசியை மறுபடி சுற்றப் பார்த்தாள்.

"பொம்பிளை பாக்க வர முதலே, போனில கதைச்ச முதல் நாளே கௌசி தன்ர வருத்தத்தைச் சொன்னவ. எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சால் அம்மா குறுகிப்போவா, காட்டிக்கொள்ளாதேங்கோ எண்டும் சொன்னவ." அவன் ஃப்ரீசர் கதவைச் சாத்தினான். "ஓகஸ்ட் முதலாம் திகதி எங்கட கொம்பனி இன்சூரன்சை மாத்துது. அதுக்குப் பிறகு சேருற மனுசிமாருக்கு, முன்னமே இருக்கிற வருத்தமெண்டால் ஒரு வருசத்துக்கு ஒரு சதமும் தராது. அதுக்கு முதல் எழுத்து முடிஞ்சால் கௌசி அங்க வந்தபிறகும் மருந்துக்கும் டொக்டருக்கும் பிரச்சினையில்லை. அதுதான் ஆடியெண்டும் பாக்காமல் கேட்டனான்."

யோகராணி அடுப்போரம் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் திறந்தாள். பாயசப் பானைதான் கண்ணில் பட்டது.

"இன்னும் கொஞ்சம் இருக்கு, தம்பி. போத்தலில விட்டுத் தரட்டே, கொண்டுபோக?"

"ஐயோ வேண்டாம், மாமி" என்றான் வாகீசன். "எனக்கு இனிப்பே பிடிக்காது."